மழையை நிறுத்தும் வசதி உண்டு

1

இது ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதத்தை முடிக்க முடியவில்லை. கதையையாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டா மாற்றத்துக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுதித் தருகிறவன் நான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டால்தான் எனக்குக் கை ஓடும். ராஜாங்கம் கொண்டுவந்த விஷயத்தில் அனுப்புநர் இருந்தார். பெறுநர் முகவரி சிடி அட்டையின் பின்னால், மும்பை என்று, பொடி எழுத்தில் இருந்தது. 'பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் பிடிபடவில்லை. இன்னும் பிடிபடவில்லை.

இதற்குமேல் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ராஜாங்கம் நடக்கட்டும். இடையிடையே தலை நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மரக்காணத்து உப்பளங்களின்மேல் காலைச் சூரியன் வெள்ளித் தகடுகளை விரித்தபோது"

[விட்டுவிட்டேன். வெள்ளித் தகடு என்று எழுதுகிறவன் அந்த வெயிலில் கொஞ்ச நேரமாவது நின்றிருக்க மாட்டான்.]

இரண்டாம் தொடக்கம்: "இருபத்திரண்டு வயது ராஜாங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து"

[இதையும். வீடியோ கேம் என்றால் ஒரு பையனைத்தானே எதிர்பார்ப்பீர்கள் என்று நானே பயந்துபோய் வயதைக் குறைத்துவிட்டேன். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத்தான் ஆடுவார். நம்பினால் நம்புங்கள்.]

மூன்றாவது, இதுவே நிற்கட்டும்:

மழைக்காலம் வந்துவிட்டால் ராஜாங்கத்துக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாது. ஐப்பசி பிறந்தால் உப்புப் பாத்தியெல்லாம் முழங்கால் தண்ணீர். தை கழிந்து, தண்ணீரை இறைத்து, சேற்றை மிதித்து இறுக்கும்வரை உப்பளக் குத்தகைக்காரர் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். 2004 மழையில் மகள் வினோதினியின் காலேஜ் ரிசல்ட் பார்க்க, ஈ.சி.ஆர். ஓரம் கௌதமன் வைத்திருக்கும் நெட் சென்டருக்குப் போனார். லைன் கிடைக்கவில்லை.

"வர்ற வரைக்கும் சும்மா இத ஆடிட்டிருங்கண்ணே" என்று கௌதமன் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான்.

லைன் வந்தது. வினோதினி பாஸ். ராஜாங்கம் எழுந்திருக்கவில்லை.

3

விளையாட்டின் பெயரை எழுத மாட்டேன். 'துறைமுகம்' என்று வைத்துக்கொள்வோம்.* வெறும் கடற்கரையைக் கொடுப்பார்கள். வீடு, கடை, சாலை, கப்பல்துறை என்று நாம்தான் ஒரு ஊரைக் கட்டி எழுப்ப வேண்டும். ஊர் நன்றாக இருந்தால் ஜனம் குடிவரும். நன்றாக இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கடைசி ஆளும் போய்விட்டால் விளையாட்டு அந்த ஊரையே அழித்துவிடும். அவ்வளவுதான் சட்டம்.

அதில் எல்லாம் இருந்தது, உப்பளம் மட்டும் இல்லை. செய்தவன் எந்த ஊர்க்காரனோ, கடலோரம் என்றால் அவனுக்கு மீனும் கப்பலும்தான். பூங்காவில் வைக்கிற சதுர அலங்காரக் குளம் ஒன்று இருந்தது. ராஜாங்கம் அதை எடுத்து வரிசையாகப் போட்டார். நடுவே வரப்பு மாதிரி ஒற்றைத் தடம். மறுபடி குளம், மறுபடி தடம். கரையோரம் முழுக்க அப்படியே.

"இன்னாண்ணே, ஊருக்குள்ள இவ்ளோ குளம்?"

"குளம் இல்லடா. பாத்தி. சரியா பாரு, தண்ணி வர்ற வாய்க்கா எந்தப் பக்கம் வெச்சிருக்கேன்னு."

கௌதமன் சரியாகப் பார்த்தான். நிஜமாகவே வாய்க்கால் இருந்தது. அந்த விளையாட்டில் மழை என்ற சங்கதியே கிடையாது. வருஷம் பூராவும் ஒரே வெளிச்சம். ஒரு உப்பளக்காரர் மழைக்காலத்தில் உட்கார்ந்து மழையே இல்லாத ஊரைக் கட்டினார் என்றால், அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

[அந்த டிசம்பரில் கடல் செய்தது இந்தக் கதைக்குள் வரவில்லை. வந்தால் வேறெதுவும் இதற்குள் நிற்காது.]

* முதலில் பாண்டியில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் காப்பி சிடியைத்தான் போட்டார்கள். கப்பல் கரை சேரும் சமயம் பார்த்துத் திரை உறைந்துபோகும். அதனால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கொடுத்து ஒரிஜினல் வாங்கினார். அந்த ஒரு ரூபாயை மட்டும் ஏன் விட்டுவைக்கிறான் என்று கடைக்காரரைக் கேட்டாராம். கடைக்காரருக்கும் தெரியவில்லை.

4

2005இல் அதே விளையாட்டு வேறு அட்டையில் வந்தது. வெதர் எடிஷன்.

வருவதற்குப் பல மாதம் முன்பே கௌதமன் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டான். 'விரைவில்' என்றது. கொஞ்ச நாள் கழித்து வந்த இன்னொரு போஸ்டர் 'மிக விரைவில்' என்றது. மூன்றாவதில் பாதிச் சுவருக்கு ஒரு சூரியன்.

"ரியல் சன்னுன்னு போட்டிருக்குதுண்ணே. நெஜ வெயிலு."

"நெஜம்னா? காயுமா?"

"போஸ்டர்ல அப்படித்தான் இருக்குது."

ராஜாங்கம் அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திகள் இருக்கின்றன, வாய்க்கால் இருக்கிறது, வெயில்தானே குறை? ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பழைய சிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏதாவது கழிப்பார்களா என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார்.

புரட்டாசி மத்தியானம். புது சிடியைப் போட்டுப் பழைய ஊரைத் திறந்தபோது திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. கௌதமன் படிக்காமலே ஓகே கொடுத்தான். ஊர் பளபளவென்று வந்தது. வீடுகளுக்கு நிழல் விழுந்தது. பாத்திகளில் வெயில் மின்னியது. ராஜாங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பிறகு காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சத்தம் கேட்டது. முதலில் சடசட. அப்புறம் ஒரே இரைச்சல்.

"கீத்து! கீத்த எடுங்கடா! உப்புக் குவியல மூடுங்க!"

ஹெட்போனோடு பாய்ந்தார். ஒயர் இழுத்துக் கழுத்து பின்னால் போனது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வேட்டியை மடித்துக் கட்டியபடி நடு ரோட்டில் நின்றவரைப் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அண்ணே, மழ உள்ளதான் பெய்யுது. வெளிய போய்த் தேடினா?" என்றான் கௌதமன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உள்ளே வந்து பார்த்தபோது குளங்கள் நிரம்பி வழிந்து, தடங்களெல்லாம் முழுகி, கரையோரத் தெருவில் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. கௌதமன் சேவ் பண்ணாமல் அவசரமாக ஊரை மூடினான்.

5

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. ராஜாங்கத்துக்கும்.

"மழைய யாருடா கேட்டா?"

"வெயில் வாங்கினா மழ ஃப்ரீண்ணே."

"பழைய சிடிய போடு. பழையபடியே இருந்துட்டுப் போவுது."

"புதுசுல ஒரு தடவ தொறந்துட்டா பழசுல திரும்ப வராதாம். அந்த ஓகே... அதான் அது."

ஊரைத் திறந்தால் மழை. மழை பெய்தால் ஜனம் போகும். ஜனம் போனால் ஊர் அழியும். அதனால் ராஜாங்கம் ஊரைத் திறப்பதையே விட்டார். அந்த வருஷ மழை முழுக்க சென்டருக்கு வந்து, ஊரின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். குளங்களை இடித்துவிடலாமே என்று கௌதமன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். ராஜாங்கம் பார்த்த பார்வையில் அப்புறம் சொல்லவில்லை.

2006இல் அதே விளையாட்டு மூன்றாவது அட்டையில் வந்தது. கோல்டு எடிஷன். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அட்டையின் பின்பக்கத்தைக் கௌதமன் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"'உலகத்துலயே மொத தடவயா... மழைய உங்க இஷ்டத்துக்கு நிறுத்திக்கிற வசதி.'"

ராஜாங்கம் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழையே இல்லாமத்தானடா மொதல்ல வித்தான்!" என்றார்.

அன்றைக்குத்தான் என்னிடம் வந்தார். நான் எழுதியவை:

பொருள்: கேட்காத மழையைத் தலையில் கட்டியது தொடர்பாக.
[வெயிலைக் கேட்டீர்கள், வெயில் இருக்கிறதே என்பார்கள்.]

பொருள்: முதலில் இலவசமாக இருந்த மழையின்மையைத் தற்போது விலைக்கு விற்பது தொடர்பாக.
[இதை எழுதிவிட்டு நானே திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லாத ஒன்றை எப்படி முதலில் வாங்கினார், எப்படி இழந்தார்?]

பொருள்: தங்கள் கம்பெனியார் உப்பளம் பற்றி

[முடிக்கவில்லை. அவர்கள் உப்பளம் என்றே விற்கவில்லை. குளம்தான் விற்றார்கள். மழையில் குளம் நிரம்புவது குற்றமா?]

"சார், நான் ஏமாந்தனா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் ராஜாங்கம்.

நான் மூன்று 'பொருளை'யும் அடித்தேன்.

"சரி, லெட்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்தவரின் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே புது அட்டை. புகார் எழுத வரும்போதே வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார். கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? நாப்பது வருஷமா அளத்துல நிக்கிறேன். மழைய நிறுத்துற சுவிட்சு ஒண்ணு விக்கிறாங்கன்னு சொன்னா வாங்காம வர முடியுமா?"

6

இங்கே உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். முடிவுகள் சில கையில் இருக்கின்றன.

ஒன்று: அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிஜ மழை வருகிறது. விளையாட்டு மழை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார். குவியல்கள் கரைந்துபோகின்றன. [அவர் ரோட்டுக்கு ஓடியபோதே நீங்கள் இதை ஊகித்துவிட்டீர்கள். எனக்கும் தெரிந்தது. வேண்டாம்.]

இரண்டு: கோபத்தில் மூன்று சிடிகளையும் கழுவெளி ஏரியில் வீசுகிறார். [ஒரிஜினல் சிடியை வீசுகிற ஆளா அவர்?]

மூன்று: கம்பெனியிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வருகிறது. [சிரிக்காதீர்கள். எழுதிப் பார்த்தேன்.]

இதில் எதுவும் நடக்கவில்லை. நடந்ததில் நான் கணக்கில் எடுக்காத ஒருவர் வந்துவிட்டார். ராஜாங்கத்தின் மனைவி ஞானாம்பாள். கிளியனூரில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். மழை தூறினால் அந்த வீட்டில் ஒரு முகம் மலரும், ஒரு முகம் சுருங்கும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை.

சுவிட்சு வாங்கிய சேதியைக் கேட்டதும் அந்த அம்மாள், "மழைய நிறுத்துறதா? இவ்ளோ கொறஞ்ச வெலைக்கா? ரெண்டா வாங்கியிருக்கலாமே" என்றாராம். பிறகு, "நானும் வந்து பாக்கறேன்" என்றாராம்.

7

சாயங்காலம் சென்டரில் கூட்டமில்லை. கௌதமன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஞானாம்பாள் முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே மேகம் கட்டியிருந்தது. ராஜாங்கத்தின் அளத்தில் லாரியில் ஏற்றாத உப்புக் குவியல்கள் கீற்று மூடிக் கிடந்தன. கிளியனூரில் அவள் தம்பி அர்ச்சுனன் சம்பா விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் திறந்தது. ஒரு வருஷம் கழித்து. பாத்திகள் அப்படியே இருந்தன.

"இதா உங்க ஊரு?" ஞானாம்பாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "பரவால்ல. வாய்க்காலுகூட வெச்சிருக்கீங்க. வீட்டுல கொல்லப்பக்கம் வாய்க்கா தூரு வாரச் சொன்னா மட்டும் காது கேக்காது."

கௌதமன் சிரித்தான். ராஜாங்கமும் சிரித்தார். காதில் இரைச்சல் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு அவருக்கு.

"எங்கடா அது? சீக்கிரம் காட்டு."

கௌதமன் காட்டினான். திரை நடுவே ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது.

"'மழைய நிறுத்திடலாமா?'ன்னு கேக்குதுண்ணே. இந்தப் பக்கம் எஸ், அந்தப் பக்கம் நோ."

"இரு." ஞானாம்பாள் திரையில் விரல் வைத்தாள். கரையிலிருந்து தள்ளி, பாத்திகளுக்குப் பின்னால். "இது இன்னா, பச்சையா?"

"வயலு" என்றார் ராஜாங்கம். "ஜனத்துக்குச் சோறு வேணும்னு கேட்டுச்சு. அதான் போட்டு வெச்சேன்."

"யாரு வயலு?"

"யாரு வயலுமில்ல. கேமு."

"மழய நிறுத்திட்டா இது இன்னாவும்?"

ராஜாங்கம் கௌதமனைப் பார்த்தார். கௌதமன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காஞ்சிடும்கா. பழசு மாதிரி இல்ல, இதுல வயலுக்கு மழ வேணுமாம். அந்தப் பக்கத்து ஜனம் போயிடும்."

"நிறுத்தலன்னா?"

"இந்தப் பக்கத்து ஜனம் போயிடும்."

"கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் விட்டு?"

"ஒரு ஊருக்கு ஒரு தடவதான் முடிவு பண்ண முடியுமாம். மாத்தி மாத்தி வெச்சிக்கிற வசதி..." கௌதமன் இழுத்தான்.

"அடுத்த எடிஷனா?" என்றார் ராஜாங்கம்.

கௌதமன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

ராஜாங்கத்தின் கை மவுஸ் மேல் இருந்தது. நாற்பது வருஷமாக வானத்தைப் பார்த்து அவர் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை யாரும் இப்படி முகத்துக்கு நேராக வந்து கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அத்தனை வருஷம் அதே வானத்தைப் பார்த்து வேண்டியிருப்பாள் என்பது இப்போதுதான், இந்தச் சின்னக் கட்டத்துக்கு முன்னால்தான், அவருக்கு உறைத்தது. அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

[அவர் எதை அமுக்கினார் என்று கௌதமன் என்னிடம் சொன்னான். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அடித்துவிட்டேன். எதைப் போட்டாலும் நான் ஒரு பக்கத்து ஜனத்தை மூட்டை கட்டவைத்தவன் ஆகிறேன். மனு எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால் இதோடு பேனாவை வைக்கிறேன். கட்டம் திரையிலேயே நிற்கிறது.]

ஞானாம்பாள்தான் பேசினாள். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"கேக்குது பாருங்க. பதில் சொல்லுங்க."