வண்டியின் மூக்கு

போத்தனூரில் பஷீரின் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளெல்லாம் அவருக்குப் பழகிய சாதி. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினால் அரை மணி நேரத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும். இருபத்தாறு வருடத்தில் தான் கை வைத்த எந்த வண்டியும் மக்கர் செய்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரை ஒரு வெள்ளை ஜப்பான் கார் மூன்று நாட்களாக முழி பிதுங்க வைத்திருந்தது.

அது பாலகோபால் நாயுடு வீட்டு வண்டி. சரியாகச் சொன்னால் அவர் மகன் ரவிதேஜாவின் வண்டி. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடமாகப் பாலகோபால் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அதை, திங்கட்கிழமை காலையில் அவரே டிராக்டரில் கட்டி இழுத்து வந்து நிறுத்தினார்.

"ஓட வச்சுக் குடுங்க பாய். வித்துப் போடலாம்னு இருக்கறேன்" என்றார். முகம் மட்டும் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. "அப்படியே அன்னிக்கு அதுக்கு என்ன நோவு வந்துச்சுன்னும் பாத்துச் சொல்லுங்க. அது எனக்குத் தெரிஞ்சாகோணும்."

எந்த அன்றைக்கு என்று பஷீர் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் அன்றைக்கு என்றால் ஒரே ஒரு நாள்தான்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னந்தோப்புக்கு பாலகோபாலும் அவர் மனைவி லட்சுமியம்மாளும் ரவியும் போயிருந்தார்கள். காரை அப்பா வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் வேலையாக எட்டு மாதம் வெளிநாட்டில் இருந்த ரவி திரும்பி வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. தோப்பில் இருக்கும்போதே லட்சுமியம்மாளுக்கு நெஞ்சு வலி கண்டது. உடுமலை டாக்டர் ஒரு ஊசி போட்டு, நிற்காமல் கோயமுத்தூருக்குக் கொண்டு போங்கள் என்றார். ரவிதான் ஓட்டினான். பொள்ளாச்சியைத் தாண்டியதும் வண்டி திணற ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. டவுன் பஸ், மொபெட், கடைசியில் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போனான். கிணத்துக்கடவு தாண்டி உச்சி வெயிலில் நின்றேவிட்டது. ரவி நடுரோட்டில் நின்று கையை ஆட்டி ஒரு லாரியை மறிப்பதற்குள், அந்த அம்மாள் பின்சீட்டில் புருஷன் மடியிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று, பந்தலில் உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, "என்ற பொண்டாட்டியைக் கொன்னது நீயும் உன்ற காருந்தான்டா. இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் பாலகோபால். ரவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அன்று சாயந்திரமே பையைத் தூக்கிக்கொண்டு சென்னை போனவன்தான்.

அதற்குப் பிறகு பாலகோபாலுக்குப் போக்கிடம் பஷீரின் ஒர்க்‌ஷாப் ஒன்றுதான். தினமும் நாலு மணிக்கு வருவார். டீ குடிப்பார். மகனைத் திட்டுவார். திட்டி முடித்ததும் கொஞ்சம் தெம்பாக எழுந்து வீட்டுக்குப் போவார். பஷீர் எதிர்த்துப் பேசியதில்லை. நோன்புக் கஞ்சிக்கு வருடம் தவறாமல் பத்துத் தேங்காய் கொடுத்தனுப்பிய மகராசி லட்சுமியம்மாள். அந்த வருட நோன்புக்குக் கடைத் தேங்காய் வாங்கிக் காய்ச்சிய கஞ்சி பஷீரின் தொண்டையில் இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவருடைய மைத்துனன் அப்துல் நாசர் வந்தான். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவன். இப்போது லீவில் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

"மச்சான், டார்ச்சை இப்படி அடிங்க. எஞ்சின்ல இருந்து புகைக்குழாய் கெளம்பற எடத்துல, குழாய் மேலயே ஒண்ணு திருகியிருக்குதே, பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன். ஸ்பார்க் பிளக்காட்டம் இருக்குது. புகைக்குழாய்க்கு எதுக்குடா பிளக்குன்னு ரெண்டு நாளா மண்டை காயுது."

"பிளக்கு இல்லீங்க மச்சான். ஆக்சிஜன் சென்சார். வண்டிக்கு மூக்கு இதுதான்."

நாசர் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, ஒயர் அறுந்துவிடாமல் ஸ்பேனரைப் பக்கவாட்டில் கொடுத்து அதைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே சொன்னான். இந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் டப்பா தீர்மானிக்கிறது. எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இந்த மூக்கு மோந்து பார்த்து அந்த டப்பாவுக்குச் சொல்லும். மிச்சமே இல்லையென்றால் பெட்ரோல் கூடிப்போயிற்று, குறை. நிறைய மிச்சமென்றால் பெட்ரோல் போதவில்லை, கூட்டு. வண்டி ஓடுகிற வரைக்கும் இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். சில வண்டிகளில் பின்னால் இருக்கும் புகை சுத்தம் செய்யும் டப்பாவைத் தாண்டி இன்னொரு மூக்கும் உண்டு. இதில் ஒன்றுதான்.

பஷீர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். விரல் நீளம்கூட இல்லை. நுனியில் ஓட்டை போட்ட சின்னத் தொப்பி. அதன் மேல் சாம்பலும் பழுப்புமாக ஒரு பூச்சு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

"ஈயம்" என்றான் நாசர். "இந்த வண்டிக்கு ஈயம் கலக்காத பெட்ரோல்தான் ஊத்தோணும். மெட்ராஸ்ல கெடைக்குது, நம்மூர் பங்க்ல இன்னும் வரலை. ஈயம் படிஞ்சா மூக்கு செத்துப் போயிரும். மோப்பம் தெரியாம கம்ப்யூட்டரு கண்ணை மூடிட்டுப் பெட்ரோலைக் கொட்டும். எரியாத பெட்ரோலெல்லாம் பின்னால புகை டப்பாவுக்குப் போயி அதை உருக்கி அடைச்சுப் போடும். புகை வெளிய போக வழி இல்லீன்னா எஞ்சின் எப்படி மூச்சு விடும்?"

புகை டப்பாவை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே தேன்கூடு போல இருக்க வேண்டியது பாதி உருகி, பாதி சாம்பல் மூடிக் கிடந்தது. ஒரு தீக்குச்சி நுழைய இடமில்லை.

"இதுல ஒரு அதிசயம் பாருங்க மச்சான்" என்று எழுந்தான் நாசர். "தப்பான பெட்ரோல் ஊத்தக் கூடாதுன்னே டேங்க் வாயைச் சின்னதா வச்சிருப்பான். நம்ம பங்க் குழாய் உள்ளயே போகாது. அப்புறம் எப்படி ஊத்துனாங்க?" மூடியைத் திறந்தான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எவனோ வேலை தெரிஞ்சவன் தகட்டை அறுத்திருக்கான். அறுத்த எடம் கையைக் கிழிக்காம இருக்கோணும்னு அரம் வேற போட்டிருக்கான். என்ன நேக்கு!"

பஷீர் குனிந்து பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை. அது அவர் போட்ட அரம்.

தொண்ணூற்றெட்டு தை மாதத்தில் பாலகோபால் இதே காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். முன்சீட்டில் லட்சுமியம்மாள், மடியில் தாம்பாளம். பங்க் குழாய் வாய்க்குள் போக மாட்டேன் என்கிறது, ஏதாவது செய்யுங்கள் பாய் என்றார் பாலகோபால். "எடுக்காதீங்க, நம்மூர் பெட்ரோல் போடாதீங்கன்னு பையன் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனானுங்க பாய். இந்த மனுசன் கேட்டாத்தானே" என்று சொல்லிச் சிரித்தார் லட்சுமியம்மாள். மகன் காரில் நாலு பேர் பார்க்கப் போவதில் அந்த அம்மாளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பஷீர் என்ன சொன்னார்? "வண்டின்னா ஓடோணுமுங்க அக்கா, நிறுத்தி வச்சாத் துருப் புடிச்சிரும்." சொல்லிவிட்டுத் தகரக் கத்திரியை எடுத்தார். பத்து நிமிட வேலை. காசுகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் பாலகோபால் எங்கே போனாலும் அந்தக் காரில்தான் போனார்.

"நாந்தான்டா அறுத்தேன்" என்றார் பஷீர். நாசரின் சிரிப்பு நின்றது.

அன்று பஷீர் சோறு தொடவில்லை. ஒரு மனுஷி செத்ததற்குத் தன் கை காரணம் என்பது அவர் நெஞ்சை அறுத்தது. ஒரு வருடமாகத் தன் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தகப்பன் குற்றமில்லாத பிள்ளையைத் திட்டியதைத் தானும் டீயை ஆற்றிக்கொண்டு கேட்டோமே என்பது அதைவிட அறுத்தது. பாலகோபாலிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியது பழி சுமந்தவனிடம். காருக்குள் கிடந்த கார்டில் ரவியின் சென்னை நம்பர் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

"தம்பி, நான் பஷீர் பேசறேன். உங்க வண்டியைப் பிரிச்சுப் பாத்தேனுங்க. அந்த டேங்க் வாய்..."

"தெரியுமுங்க பாய்" என்றது மறுமுனை.

"என்ன தெரியும்?"

"அம்மாவை எடுத்த மறுநாள் மூடியைத் திறந்து பாத்தேன். அறுத்திருந்துச்சு. அப்பா நம்மூர் பெட்ரோல் ஊத்தி ஓட்டியிருக்காருன்னு புரிஞ்சு போச்சு. நீங்கதான் அறுத்திருப்பீங்கன்னும் தெரியும். அவரு வேற யார்கிட்டயும் வண்டியைக் குடுக்க மாட்டாரு."

"தெரிஞ்சுமா தம்பி அத்தனை பேர் முன்னால பேச்சு வாங்குனீங்க?"

ரவி சொன்னான்: "எம் பையன் கொன்னுட்டான்னு சொல்லிக்கிட்டு அவரால சோறு திங்க முடியுது பாய். நாங் கொன்னுட்டேன்னு தெரிஞ்சா அவரால முடியாது. அம்மா இல்லாம அவரு இருக்கறதே பெருசு."

"நான் அறுத்தேன்னு மட்டும் சொல்றேன். பழியை நான் ஏத்துக்கறேன்."

"நீங்க அறுத்தீங்க, ஊத்துனது யாரு? அப்பா ரெண்டு நிமிசத்துல அந்தக் கேள்வியில வந்து நிப்பாரு. வேண்டாமுங்க பாய். உங்க மேல எனக்குக் கோவம் இல்லீன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்குது. ஆனா அவருக்குப் போக வர உங்க கடை ஒண்ணுதான் இருக்குது. அதைக் கெடுத்துப் போடாதீங்க. எம் மேலதான் தப்புன்னு சொல்லிருங்க." போனை வைக்கும் முன் கேட்டான். "வேளைக்குச் சாப்பிடறாருங்களா?"

சாப்பிடுகிறார் என்றார் பஷீர். போனை வைத்துவிட்டுப் பூத்துக்குள்ளேயே நின்று அழுதார். வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வந்தார்.

சனிக்கிழமைக்குள் நாசர் புகை டப்பா இருந்த இடத்தில் ஒரு வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்தான். மூக்கு இல்லாமலேயே, கறுப்புப் புகை கக்கிக்கொண்டாவது, எஞ்சின் ஓடியது. நாலு மணிக்கு வந்த பாலகோபால் சலவை வேட்டி சட்டை கட்டியிருந்தார். முகம் மழித்திருந்தார். ஓடுகிற எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"என்னாச்சுன்னு தெரிஞ்சுதுங்களா பாய்?"

"புகை போற வழி அடைச்சுப் போச்சுங்ணா."

"அது எதனால அடைச்சுது?"

பஷீர் கையில் ஒட்டாத கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"மறைக்காதீங்க. ரவி வண்டியைச் சரியாப் பாக்காம உட்டதுனாலதானுங்களே?"

நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்து நின்றது. சோறு திங்க முடியுது என்ற குரலும் கூடவே வந்தது. "ஆமாங்ணா" என்றார் பஷீர். "முன்னாலயே கவனிச்சிருக்கோணும்."

பாலகோபால் திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். அதில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது.

"நீங்க இல்லீன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க பாய்" என்றார். "வண்டி விக்கறதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு வருசமா அவனைத் திட்டித் திட்டி எனக்கே வாய் கசந்து போச்சு. ஊட்டுல தனியா உக்காந்தா அவன் கொழந்தையில ஓடி வந்ததுதான் கண்ணுல நிக்குது. பையன் மேல தப்பில்லீன்னு வேலை தெரிஞ்ச ஒரு ஆளு வாயில ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், எதுத்தாப்புல பூத்துக்குப் போயி, வந்துருடா கண்ணுன்னு கூப்பிட்டுப் போடலாம்னு நம்பரைக் கொண்டாந்தேன்."

பஷீர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கூப்பிடுங்ணா. தப்புப் பண்ணுனா என்னங்க, பெத்த புள்ளைதானுங்களே."

"முடியலீங்க. நீங்க ஆமான்னு சொன்னதும் அவ மொகம் மடியில வந்து நின்னுக்குச்சு."

அண்ணா என்று வாயைத் திறந்தார் பஷீர். அறுத்தது நான் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி அவருக்குத் தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். மகன் குற்றமற்றவன் என்று கேட்க ஆசைப்பட்டு முகம் மழித்து வந்த மனிதர், மனைவியைக் கொன்றது தான்தான் என்று தெரிந்துகொண்டு அந்தத் தனி வீட்டுக்குப் போவார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பாலகோபால் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வந்த டீயைத் தொடவில்லை. ரோட்டைத் தாண்டி, பூத்தைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து, வீட்டுப் பக்கம் நடந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். வந்தால் சொல்வதற்குப் பஷீரிடம் ஒன்றும் இல்லை.