ஜெப்சி எந்தச் சானலில் போனாள்?

1

இந்தக் கதை நான் திருடியது. போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்து பேக்கரியில் பழம்பொரிக்காகக் காத்து நின்றேன். (டீக்காக என்று எழுதினால் எழுத்தாளனுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். ஆனால் பழம்பொரிக்குத்தான்.) வெளியே ஒரு பெண், வளைந்த கைப்பிடியும் தடித்த டயரும் உள்ள சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு, போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சானல்ல இருந்துதான் மாமி வாறேன்" என்று சிரித்தாள். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. மறுமுனை என்னவோ சொன்னது. "ஆமா மாமி" என்று வைத்துவிட்டு, போனையே பார்த்தபடி நின்றாள்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அந்தச் சிரிப்பு ஏன் நின்றது? நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கதை இருக்காது, தகவல் இருந்திருக்கும். அவளுக்கு ஜெப்சி என்று பெயர் வைத்தேன், மறுமுனைக்கு நேசபாய்.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனி படர்ந்த கால்வாய்க் கரையில்..."

சீ. எங்கள் ஊர் புதுக்கடையில் ஏது ஐயா பனி?

இரண்டாவது: "கிராவல் பைக் என்பது ரோட்டுச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட, சரளை மண்ணிலும்..."

இது விற்பனை நோட்டீஸ்.

மூன்றாவது: "ஜெப்சிக்குத் தார்ரோடு ஆகாது."

இது ஓடும்போல் இருக்கிறது. ஓட்டிப் பார்ப்போம்.

ஜெப்சிக்குத் தார்ரோடு ஆகாது. மஸ்கட்டில் ஆறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தபோது, விடுமுறை நாளில் கூட்டாளிகளோடு கல்லும் மணலுமான பாதைகளில் சைக்கிள் ஓட்டிப் பழகியவள். கல்யாணமாகிப் புதுக்கடைக்கு வந்தபோது சைக்கிளையும் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். புருஷன் சிஜின் மஸ்கட்டிலேயே இருக்கிறான். வீட்டில் ஜெப்சியும் மாமியார் நேசபாயும் மட்டும். இங்கேயும் ஆஸ்பத்திரி வேலைதான், சனிக்கிழமை லீவு. விடிந்ததும் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள். சரளைமேல் டயர் துள்ளக் கூடாது, பிடித்துப் போக வேண்டும். பட்டணங்கால் சானல் கரையில் ஏறி, துணி துவைக்கிற பெண்களுக்கு மணியடித்து, மாத்தூர் தொட்டிப்பாலம் தாண்டி, அங்கிருந்து ரப்பர் மரங்களுக்குள் புகுந்து பேச்சிப்பாறைப் பக்கம் ஏறுவாள். உதிர்ந்த ரப்பர் இலைமேல் சக்கரம் போகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே காத்திருக்கலாம் ஒரு வாரம். அந்த நாலு மணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊசி இல்லை, பெல் இல்லை, "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" இல்லை. அது போய்விட்டால் அவளிடம் அவளுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை.

3

இப்போது அந்தப் போன்.

நேசபாய்க்கு மருமகள் சைக்கிள் ஓட்டுவது தெரியும். எங்கே ஓட்டுகிறாள் என்பது தெரியாது. ரோட்டில் என்று நினைத்திருந்தாள். ஜெப்சி அன்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"சானல்ல இருந்துதான் மாமி வாறேன்."

மறுமுனையில் உடனே கேள்வி வந்தது: "எந்த சானலு? டிவியிலயா? சைக்கிள் ஓட்டுததப் பத்திப் பேசக் கூப்பிட்டினுமா மக்கா?"

ஜெப்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமா மாமி."

சாயங்காலத்துக்குள் நேசபாய் பக்கத்து வீட்டுத் தாணம்மாளிடம் சொல்லியாயிற்று, மருமகள் டிவியில் வருகிறாள் என்று. அடுத்த சனிக்கிழமை வாசலில் நின்று கேட்டாள்: "இண்ணும் சானல்லயா?" "ஆமா மாமி." "செரி, பாத்து போயிட்டு வா." அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரே ஒரு பொய். வாராவாரம் அதற்குக் காற்றடிக்க வேண்டியிருந்தது.

நல்ல வேடிக்கைக் கதை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

4

என் மனைவி ரெஜிலா வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் நான் தொலைந்தேன்.

"இது பொய்யி."

"கதைதானே!"

"கதையும் பொய்யி. ஓய், புதுக்கடைக்காரி ஒருத்திகிட்ட சானலுன்னு சொன்னா, வெள்ளம் ஓடுத சானலத்தான்* நெனப்பா. டிவிய எவ நெனப்பா? நாம சானல்ல குளிச்சு வளந்தவிய இல்லியா?"

* கால்வாய் என்ற சொல் எங்கள் ஊரில் அரசாங்கப் பலகையில் மட்டும் உண்டு. எங்களுக்கு அது சானல். அதில் ஓடுவது வெள்ளம். பயப்படாதீர்கள், தண்ணீருக்கே எங்களிடம் பெயர் அதுதான்.

அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம் வந்தது, சரியாகச் சொன்னதால் கூடுதலாக வந்தது. நேசபாய் என்ற ஆளையே சந்தேகிக்க ஆரம்பித்தேன். காது மந்தமோ? (மலிவு.) வெளியூர்க்காரியோ? (அப்படியானால் "மக்கா" என்று கூப்பிடுவாளா?) நேசபாய் ஒருவேளை...

அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சானல்கரைக்குப் போனேன். முந்தின நாள் மழை. ஈர மண்ணில் ஒரு டயர்த் தடம், சின்னச் சின்னக் கட்டமாக, அழுத்தமாகப் பதிந்து கிடந்தது. எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். வண்டியை நிறுத்திவிட்டுத் தடத்தின் பின்னாலேயே நடந்தேன். மதகைத் தாண்டிற்று, ஆடு கட்டிய தென்னையைச் சுற்றிற்று, நேராகப் போயிற்று. பிறகு, நல்ல அகலமான கரை இருக்கும்போதே, தடம் கரையைவிட்டு இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் போனது. நூறடி தள்ளி மறுபடி கரையேறியது. நடுவே அது தொடாமல் விட்ட இடத்தில் ஒரு குளிகடவு. நாலு கல்படிகள், தண்ணீருக்குள் இறங்குகிறவை.

ஏன் சுற்றிப் போனாள்?

அங்கே கடிநாய் படுத்திருக்கலாம். யாராவது குளித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் படிமேல் நின்றபோது எனக்கு நேசபாய் வீட்டுச் சுவர் தெரிந்துவிட்டது. அதில் மாலை போட்ட ஒரு போட்டோ. சிஜினுக்கு ஓர் அண்ணன் இருந்தான், எபிசன். எட்டு வயதில், இந்தப் படியில், குளிக்கும்போது கால் வழுக்கிப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் ஓடும் சானலின் பேரை யாரும் எடுப்பதில்லை. மழைக்குப் பயந்தாலும் சரி, வயலைப் பற்றிப் பேசினாலும் சரி, "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள். சிஜின் கல்யாணமான வாரமே அந்தப் படியைக் காட்டிச் சொல்லியிருந்தான்: "அம்மாட்ட சானலப் பத்தி மட்டும் பேசிராத, கேட்டியா?"

அந்த வீட்டில் சானல் என்றால் டிவி மட்டும்தான். இன்னொரு சானலைப் பிள்ளையோடு புதைத்துவிட்டார்கள்.

வேடிக்கைக் கதை என் கையைவிட்டுப் போயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

6

இனி முடிவு.

முதல் முடிவு: ஜெப்சி உண்மையைச் சொல்கிறாள். நேசபாய் அழுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு... இல்லை. நான் இதை எழுதினால் ரெஜிலா கண்ணாடியைக் கழற்ற மாட்டாள், உடைத்தே விடுவாள்.

இரண்டாவது: சைக்கிளைத் திரும்பவும் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றுகிறாள். எழுதிப் பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றும் இடத்தில் எனக்கே தாங்கவில்லை.

மூன்றாவது என்னுடையது அல்ல. துணி மடித்துக்கொண்டே ரெஜிலா சொன்னது:

"அவளுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"நேசபாய்க்கு. வாராவாரம் அந்தச் சேத்துத் துணிய அவதானே கல்லுல அடிச்சுத் தொவைக்கா? சானல் சேத்துக்கு ஒரு மணம் உண்டு. பிள்ளைய அதுல குடுத்தவளுக்கு அது தெரியாதா? டிவின்னு மொதல்ல சொன்னது ஆரு? ஜெப்சியா? நல்லா பாரும். அவளாக்கும்."

மூன்றாம் பகுதியைப் புரட்டினேன். ஆமாம். நானேதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாது.

அப்படியானால் சனிக்கிழமைகளை மறுபடி எழுத வேண்டும். நேசபாய் "செரி, பாத்து போயிட்டு வா" என்றபின் உள்ளே வந்து டிவியைப் போடுகிறாள். சத்தம் வைப்பதில்லை. கையில் ரிமோட். நாலு மணி நேரம் கேட் திறக்கிற ஓசைக்காக உட்கார்ந்திருக்கிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை போதும், ஜெப்சி போக மாட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க நேசபாய்க்கு டிவி வேண்டியிருக்கிறது.

சரி, கடைசிச் சனிக்கிழமை. மலைப்பக்கம் பெருமழை. சானல் இரண்டு கரையும் முட்டி ஓடுகிறது. ஜெப்சி தாமதம், பத்து மணிக்கு வர வேண்டியவள் பன்னிரண்டரைக்கு வருகிறாள், சொட்டச் சொட்ட நனைந்து. உள்ளே சத்தமில்லாமல் சேலை விளம்பரம் ஓடுகிறது. நேசபாய் திரும்பவில்லை.

"வந்தியா?"

"வந்தேன் மாமி."

டிவி அணைந்தது.

"சானல்ல இண்ணு வெள்ளம் எம்பிடு கெடந்து மக்கா?"

ஜெப்சி வாயைத் திறந்தாள். இங்கே நான் எட்டு நாளாக நிற்கிறேன். நிறைய என்றால், பின்னே நீ ஏன் போனாய் என்று வரும். முழங்கால் அளவுதான் என்றால், அவ்வளவு கொஞ்சத் தண்ணீரிலா என் பிள்ளை போனான் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றும்.

நேசபாயின் நாற்காலி திரும்புகிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எவ்வளவு கிடந்தது?