புகை நின்ற பிறகு

சின்னவன் சிகரெட்டை விட்ட செய்தி, அவன் அக்கா வேலை பார்த்த சலவைக்கூடம் முழுக்கத் தெரியும். ஒரு பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். ஆவியோடு எழும் வாசனையை வைத்தே அறையில் தங்கியவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவாள். தம்பி புகையை விடுவதற்கு முன்பு அவனிடமும் சொன்னாள்.

"உன் சட்டையைத் தேச்சா சாம்பல் வாடைதான்டா வருது. ஏதோ சுடுகாட்டுல வேலை பாக்குறவன் மாதிரி."

"நான் போற வரைக்கும் பொறுத்துக்கோ அக்கா."

"எங்க போற? நானே உன்னை இப்பத்தான் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கேன்."

இழுத்து வந்தது பொய்யில்லை. அப்பா அம்மா இருவரும் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துக் கொடுக்கும் சின்னவன், ஒருநாள் வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு குளிப்பதையும் நிறுத்தினான். மனச்சோர்வு என்று முதல் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த வகை மாத்திரை விழுங்கிய உடனே மனதைத் தூக்கி நிறுத்தாது. மூளையில் செரட்டோனின் சீக்கிரமே கூடிவிடும். ஆனால் நரம்புகள் அதற்குப் பழகித் தங்களை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். காத்திருந்தார்கள். காத்திருந்தபோதுதான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பதாகச் சின்னவன் சொன்னான். அந்தப் பக்கம் வெறும் தெரு.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, டாக்டரம்மா. குரலை அடக்கும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி அக்காவுக்கு வியப்பாக இருந்தது.

"தம்பி கையால என்ன வேலை செய்யுறார்?"

காரணம் இருந்தது. மூளையில் டோபமைன் என்ற ஒன்று, 'இதைக் கவனி, இது முக்கியம்' என்று மணியடிக்கிறது. மணி ஓயாமல் அடித்தால் ஒன்றுமில்லாததும் குரலாகிவிடும். மருந்து அந்த மணியை அமுக்குகிறது. ஆனால் கைகால் சீராக அசையவும் அதே டோபமைன்தான் வேண்டும். பலமாக அமுக்கும் மருந்து கொடுத்தால் விரல் நடுங்கும், உடம்பு விறைக்கும். லென்ஸ் தேய்க்கிறவனுக்கு விரல் நடுங்கினால் பிழைப்பு போச்சு. அதனால் மென்மையானதில் ஆரம்பித்தார். சின்னவன் பூசணியாக ஊதினான், குரல் போகவில்லை. பலமானதற்கு மாற்றினார். கை நடுங்கியது, அப்போதும் குரல் போகவில்லை. இரண்டும் தோற்ற பிறகுதான் க்ளோசபின். மற்றவை கைவிட்ட இடத்திலும் வேலை செய்கிற மருந்து அது. ரத்தத்தின் வெள்ளையணுக்களைச் சிலருக்கு அழித்துவிடும் என்பதால் அதை யாரும் முதலில் எடுப்பதில்லை. அடிக்கடி ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். குத்தினார்கள். சின்னவனுக்குக் குரல் அடங்கியது. கையும் தப்பியது.

மாத்திரையை அக்கா கொடுத்தால்தான் விழுங்குவான். கண்ணாடிக் கடைக்காரர் ஒருமுறை நீட்டியபோது வாயை இறுக்கிக்கொண்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது, இனி இந்தப் புகை ஒன்றுதான் பாக்கி என்று அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். பிடிவாதக்காரன், ஒரே நாளில் விட்டான். அடுத்த தடவை போகும்போது டாக்டரம்மாவிடம் நேரில் சொல்லி அசத்தவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவள் அந்தச் செய்தியைச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தாள். அதற்குள் அவன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்க ஆரம்பித்தான். தலையணை எச்சிலில் ஊறியது.

"சிகரெட்டை விட்டா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் தெருவிளக்கோட சண்டை போட்டாரு" என்றாள் சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள்.

அடுத்த வாரம் கடையில், தேய்க்கும் இயந்திரத்தின் முன்பே சின்னவன் வலிப்பு வந்து விழுந்தான். நெற்றி கிழிந்தது.

வார்டில் டாக்டரம்மா கேட்டார்: "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"வேற எதாவது மாறிச்சா?"

"நல்லதுதாங்க மாறிச்சு. சிகரெட்டை விட்டுட்டான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரல். சிகரெட் புகை உள்ளே போகப் போக, உடைக்கிற வேலைக்கு ஈரல் கூடுதலாக ஆள் சேர்க்கும். அத்தனை ஆளையும் கணக்கில் வைத்துத்தான் சின்னவனுக்கு அளவு கூட்டியிருந்தார்கள். புகை நின்றதும் சில நாளில் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். மாத்திரை அதேதான், ரத்தத்தில் தேங்குவது ஏறக்குறைய இரண்டு பங்கு.

"நிக்கோடின் இல்லம்மா, புகைதான் காரணம். விடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன். நானும் கேட்டிருக்கணும்."

மருந்தை நிறுத்தினார்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது, இதயம் தாங்காது. சின்னத் துணுக்கில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவேண்டும். அந்த இடைவெளிக்காகவே காத்திருந்ததுபோல அந்தக் குரல் திரும்பியது.

"அக்கா, அவன் வந்துட்டான்."

"என்னடா சொல்றான்?"

"நீதான் என்னைக் கீழ தள்ளுனியாம். மாத்திரையால."

அங்கே யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஈரலையும் புகையையும் பற்றி டாக்டரம்மா சொன்னதை அவனுக்குச் சொன்னாள். இயந்திரம் பற்றிச் சொன்னால் கேட்பதுபோல அவன் கூர்ந்து கேட்டான்.

"அப்ப அவன் சொன்னது சரிதான்."

"வேணும்னு செய்யலடா."

"நீ வேணும்னு செஞ்சேன்னு அவனும் சொல்லல."

கால் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சின்னவன் அதைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். உதடுகள் ஒட்டிக்கொண்டன. கெஞ்சினாள், அதட்டினாள். நர்ஸ் வந்து அதே மாத்திரையை வாங்கி நீட்டியதும் வாயைத் திறந்து விழுங்கி, தண்ணீரும் குடித்தான்.

"எங்கிட்ட சமத்தா போட்டுக்கிறாரே" என்றாள் நர்ஸ், குவளையை வாங்கியபடி. "வலிப்பு திரும்ப வரலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க யாரு இருக்கா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.