உப்பில்லாத பத்து நாள்

ஃபிஜியில் லௌட்டோகா தாண்டி எங்கள் ஊர் பாவுக்குப் போகிற சாலையில் ராணுவக்காரர்கள் எங்கள் டாக்சியை நிறுத்தினார்கள். 2007 பிப்ரவரி, அவர்கள் ஆட்சியைப் பிடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இளம் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்தான். மேலேயே இரண்டு வெள்ளை முகங்கள். மூக்கும் தாடையும் அச்சாக எடுத்த, முழுக்க ஓட்டை போட்ட பிளாஸ்டிக். அவன் கை சட்டென்று பின்வாங்கியது. யாருடையது என்று ஹிந்தியில் கேட்டான். "ரெண்டுமே என்னுதுதான்" என்று அதே ஹிந்தியில் சொன்னார் என் வீட்டுக்காரர் பல்ராம். பொய்யில்லை.

அவருக்கு வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. பார்வை நரம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது. கத்தி வைத்தால் கண்ணும் போகும் என்றார் டாக்டர். கதிரால் சுடலாம், அந்த மெஷின் ஃபிஜியில் இல்லை. எண்பத்தேழு ராணுவக் கலகத்தோடு ஆக்லாந்து போய்விட்ட கொழுந்தனார் சதேந்திரா வீட்டில் போய்த் தங்கினோம். ஆஸ்பத்திரியில் முதல் நாளே இளகின பிளாஸ்டிக்கை இவர் முகத்தில் பொருத்தி அச்செடுத்தார்கள். அதை மாட்டி மேஜையோடு பூட்டினால் தலை துளியும் அசையாதாம். கதிர் எங்கே எப்படி விழணும் என்று கணக்குப் போட இரண்டு வாரம் கேட்டார்கள். இவர் தினமும் காலண்டர் தேதியை வலது கண்ணால் படித்துப் பார்ப்பார். நாளுக்கு நாள் கிட்டே போக வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில்தான் எங்கள் மகா புத்திசாலித்தனம்.

"நெருப்புல எறங்கப் போறேன் உர்மிளா. வெரதம் இல்லாம எப்படி?" என்றார். பா கோயிலில் பதினோரு தடவை தீ மிதித்தவர். எனக்கும் சரியென்றே பட்டது. பத்து நாள், ஒரு வேளை, உப்பில்லாத சோறு. நானே வடித்துப் போட்டேன்.

சிகிச்சைக்குப் போனபோது முகமூடிக்கும் இளைத்துப்போன கன்னத்துக்கும் நடுவில் விரல் நுழைந்தது. மெஷினை இயக்கும் ரோனில், சின்ன வயதில் ஃபிஜியின் நசினு ஊரிலிருந்து போனவன், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். "ஒரு மில்லிமீட்டர் நகந்தாலும் கட்டிய விட்டுட்டு நரம்புல விழும் ஆன்ட்டி" என்றான் எங்கள் ஹிந்தியில். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். என் கையால் வடித்த சோறு அவர் கண்ணைப் பறிக்க இருந்தது.

புது அச்சு, புதுக் கணக்கு, இன்னும் எட்டு நாள். இனி இளைக்கவும் விடாதீர்கள், கொழுக்கவும் விடாதீர்கள் என்று ரோனில் எனக்குத்தான் உத்தரவு போட்டான்.

பிறகு ஐந்து நாள் வெளியே இருந்து திரையில் பார்த்தேன். மெஷின் கை அவரைச் சுற்றி வந்தது. புகையில்லை, மேளமில்லை. "நெருப்பு எங்கே?" என்று ரோனிலிடம் கேட்டேன். பல பக்கத்திலிருந்து வரும் மெல்லிய கதிர்கள், தனித்தனியாக அவற்றுக்கு வலுவில்லை, எல்லாம் கூடுகிற பட்டாணி அளவு இடத்தில்தான் அத்தனை சூடும் என்றான். மனுஷன் கண்டுபிடித்ததா இது! என்னை அறியாமல் திரையைப் பார்த்துக் கை கூப்பினேன். அவர் கல்லாகக் கிடந்தார்.

பார்வை நிற்குமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பும் சாலையில், டாக்சி பக்கத்தில் நின்று பல்ராம் இதையெல்லாம் அந்தச் சிப்பாயிடம் சொல்லி முடித்தார். சிப்பாய் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, ஒரு முகமூடியை இரண்டு கையாலும் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். ஓட்டைகள் வழியாக இறங்கிய வெளிச்சம் பல்ராம் சட்டையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சிப்பாய் முகமூடி பிடித்த கையை அசைக்கவில்லை.