மூன்றாம் மாடியில் வரைந்த ஜன்னல்

சான் தெராமோ என்ற கடலோர ஊர்க்காரர்களுக்குக் கடலிலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பதுதான் முதல் கவலை. வீட்டுக்குள் இருக்கிறவள் என்ன நினைப்பாள் என்பதெல்லாம் அப்புறம். துறையோரம் நெட்டையும் ஒல்லியுமாக வீடுகளைக் கட்டினார்கள். ஜன்னல் வைக்க மனம் வராத இடத்திலெல்லாம் ஜன்னலை வரைந்துவிட்டார்கள். பச்சைக் கதவு, சட்டம், சட்டத்துக்குக் கீழே விழும் நிழல், அத்தனையும் சாயம். கப்பலில் வருகிறவன் அசந்துபோவான். உள்ளே இருக்கிறவள் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எர்சிலியா அப்படி முட்டிக்கொண்டவள். இருபத்தாறு வருஷம் மூன்றாம் மாடியில் சமைத்தாள். அடுப்புக்குப் பின்னால் கடல் இரைவது காதில் விழும். கண்ணுக்குத் தெரிவதென்னவோ வெறும் சுவர். போன கோடையில் வீட்டுக்குச் சாயம் பூசச் சாரம் கட்டினார்கள். பூசியவன் அவள் தம்பி ஒரேஸ்தே. சாரத்தைத் துணி போட்டு மூடியிருந்த அந்த ஒரு மாதத்தில், அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல், கொத்தனாரை வைத்துச் சுவரை உடைத்தான். வரைந்த ஜன்னல் இருந்த இடத்திலேயே, அதே அளவில், நிஜ ஜன்னலை வைத்துவிட்டான். சாரத்தைப் பிரித்தபோது ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஜன்னலை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? முதல் நாள் எர்சிலியா கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான்.

பழங்கட்டடங்களை மாற்றவிடாமல் காவல் காக்கிற அலுவலகத்து மஜ்ஜோலோவுக்குத்தான் பயப்பட வேண்டியிருந்தது. அந்த மனிதருக்கு ஊரில் வரைந்த ஜன்னல்கள் எல்லாம் மனப்பாடம். கண்டுபிடித்தால் செங்கல் வைத்து அடைக்கச் சொல்வார், அடைத்து முடிக்கும்வரை கூடவே நிற்பார். வியாழக்கிழமை சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அன்றைக்கு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டால் வரைந்தது மாதிரியே தெரியும் என்று அக்காளும் தம்பியும் நிம்மதியாக இருந்தார்கள். மனிதர் செவ்வாய்க்கிழமையே வந்து நின்றார்.

எர்சிலியா ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழே தம்பியின் குரல் ஊரைக் கூட்டியது.

"வாங்க மஜ்ஜோலோ ஐயா! வியாழக்கிழமைதானே வர்றதா இருந்தீங்க?"

கதவை இழுத்தால் அசைவு தெரிந்துவிடும். மஜ்ஜோலோவோ ஏற்கனவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிடித்த நெத்திலியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அது யாரு பொம்பளை?" என்றார் மஜ்ஜோலோ.

"சித்திரம் ஐயா."

"முன்னே கதவு சாத்தினாப்பலல்ல இருந்துச்சு?"

"சாத்தின கதவையே வரைஞ்சு வரைஞ்சு சலிச்சுப்போச்சு. அதான் ஒரு ஆளைச் சேர்த்துட்டேன்."

"யாரைக் கேட்டு?" என்று அதட்டினாலும் அவர் பார்வை மேலேயே இருந்தது. "ம்... தத்ரூபமாத்தான் இருக்கு. மூக்குதான் கொஞ்சம் பெருசாப் போயிடுச்சு."

ஒரேஸ்தேக்கு இப்படியொரு வாய்ப்பு இனி எந்த ஜன்மத்தில் கிடைக்கும்? "எங்க அக்காவைப் பார்த்து வரைஞ்சது ஐயா. நிஜத்துல இதைவிடப் பெருசு. நான்தான் கொஞ்சம் செதுக்கிவிட்டேன்."

"முகத்துல ஏன் இவ்வளவு கடுகடுப்பு?"

"அதுல நான் கை வைக்கலீங்க. உள்ளது உள்ளபடி."

'மேலே வாடா, உனக்கு இருக்கு' என்று எர்சிலியா பல்லுக்குள் கறுவிக்கொண்டாள். உதட்டைக்கூட அசைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கடல்காகம் ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தட்டிலிருந்த நெத்திலி ஒன்றை எடுத்து விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது. பிறகு நிதானமாக நடந்து வந்து, அவள் விரலிடுக்கில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு பறந்தது. எர்சிலியா செருப்புக்குள் கால்விரலை மடக்கியதோடு சரி.

மஜ்ஜோலோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உன் சாயம் காக்காய்க்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்போல. படி எந்தப் பக்கம்?" என்றார்.

ஒரேஸ்தே படி இருந்த பக்கம் கையை நீட்டினான்.

மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி அவர் உள்ளே வந்தபோது, எர்சிலியா குஞ்சுகளை மறைக்கும் கோழியாக ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அடைக்கச் சொல்லிடாதீங்க ஐயா. இருபத்தாறு வருஷம் சுவத்தப் பார்த்துச் சமைச்சவ நான். என்னால இனிமே முடியாது."

"கொஞ்சம் தள்ளும்மா."

தள்ளி நின்றாள். அவர் அவள் பக்கத்தில் வந்து வெளியே பார்த்தார். நண்டுக்கூடை போடுகிற படகுகள் இரண்டு போய்க்கொண்டிருந்தன. வெயில் தண்ணீர் முழுக்க விழுந்திருந்தது.

"முப்பது வருஷமா இந்த ஊரு ஜன்னலையெல்லாம் கீழே நின்னே எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "ஒண்ணுலேர்ந்தும் வெளியே எட்டிப் பார்த்ததில்ல."

"இப்பப் பார்த்துட்டீங்கல்ல."

"பார்த்தா? சட்டம் சட்டந்தாம்மா. ஏட்டுல வரைஞ்ச ஜன்னல்னு இருக்கு. அப்ப அது வரைஞ்ச ஜன்னலாத்தான் இருக்கணும்." கையிலிருந்த கோப்பைப் பிரித்து, பேனாவின் மூடியைத் திறந்தார். எர்சிலியாவுக்குக் கொத்தனாரின் கரண்டிச் சத்தம் இப்போதே கேட்பது போலிருந்தது.

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு சுற்றுலாப் படகு வந்தது. ஒலிபெருக்கியில் வழிகாட்டியின் குரல் துறையெங்கும் முழங்கியது.

"அந்த ரோஸ் கலர் வீட்டுல மூணாவது மாடியைப் பாருங்க! ஜன்னல் மாதிரி இருக்குல்ல? அத்தனையும் சாயம்! அட, ரெண்டு பேரை வேற வரைஞ்சு வெச்சிருக்காங்களே, புதுசு போல!"

படகிலிருந்து நாற்பது செல்போன்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. இனி மஜ்ஜோலோ ஒரு எட்டுப் பின்வாங்கினால் போதும், தலையைத் திருப்பினால் போதும். ஜன்னல் நிஜமென்று ஊருக்கே தெரிந்துபோகும், எழுத வேண்டிய வேலைகூட மிச்சம்.

எர்சிலியா பழக்கதோஷத்தில் உறைந்து நின்றாள். பிறகு, முகத்தைத் திருப்பாமல், கடைக்கண்ணால் மட்டும் பக்கத்தில் பார்த்தாள்.

மஜ்ஜோலோ, தூக்கிய பேனாவும் பாதி திறந்த வாயுமாக விறைத்து நின்றார். நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கி மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. படகு துறையைக் கடந்து மறையும்வரை அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.