துடைத்து வைத்த காலி மனை

யாராவது வருகிறார்கள் என்றாலே லாண்டரி அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. நகராட்சி ஆய்வாளர் காலி மனையைப் பார்க்க வருகிறார் என்று காதில் விழுந்ததும் துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். பழைய பஸ் டிப்போவை இடித்த பிறகு கேட்பாரற்றுக் கிடந்த மனை அது. அங்கே கார் நிறுத்த மாடிக்கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். ஜனங்கள் புழங்கும் இடம் என்று நேரில் தெரிந்தால் மட்டும் விட்டுவிடுவார்களாம்.

புழக்கத்துக்கு என்ன குறைச்சல்? பழைய சோபாக்களைச் சரிசெய்யும் சோபாக்காரர் அங்கேதான் பஞ்சு காயவைப்பார். பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். அக்காவின் பிழைப்போ மொத்தமும் அந்த மண்ணில்தான். லாட்ஜுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைக் காயப்போட அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். மனை போனால் தொழிலும் போச்சு.

"பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல கிழிஞ்ச சோபாவும் ஈரத்துணியும் கெடந்தா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே குனிந்து பெருக்கியது. கொடிக்கயிறு அவிழ்ந்தது. பிள்ளைகள் நட்டிருந்த கோல் கம்பங்கள் பிடுங்கப்பட்டன. சோபாக்கள் சந்துக்குள் பதுங்கின. எல்லோரும் தலைவாரி, குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் ஓரமாக நின்றார்கள்.

ஆய்வாளர் அம்மா வந்தார். ஈ காக்கை இல்லாத மனையைச் சுற்றிப் பார்த்தார்.

"யாருமே புழங்கறதில்ல போல. ஒரு படம் எடுத்து அனுப்பிட்டா என் வேலை முடிஞ்சுது."

அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அட மண்டூகமே, உன் கையாலேயே மனையைத் துடைத்துக் கொடுத்துவிட்டாயே!

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அக்காவின் புருஷன். அவர் அப்போது எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, ஒரே நிமிஷம்!" என்று அக்கா பிடித்தாள் ஓட்டம். "எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க! கைக்கு எது வருதோ அது!"

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. சோபாக்கள் ஓடிவந்தன. ஒன்றில் சோபாக்காரரின் மாமியார் இறங்க நேரமில்லாமல் உட்கார்ந்தபடியே வந்தார். பந்து வந்தது, பின்னாலேயே பிள்ளைகள் வந்தார்கள். கயிறு கட்ட நேரமேது? ஆளுக்கொரு முனையாக ஈர விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு தெருவே நின்றது.

"கொஞ்சம் நகருங்க, காலியா ஒரு படம் எடுக்கணும்!" என்று கத்தினார் ஆய்வாளர்.

"காலியா இருந்தாத்தானேம்மா!" என்றார் சோபாவிலிருந்து மாமியார்.

அக்கா மூச்சிரைக்க எதிரில் போய் நின்றாள். "பொய் இல்லம்மா, தெனமும் இப்படித்தான். நீங்க வர்றீங்கன்னு நாந்தான் வெக்கப்பட்டு எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சேன். இது போனா எனக்கு வேற எடமே இல்ல."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆய்வாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காற்றடித்து ஒரு விரிப்பு அவர் முகத்தில் சொத்தென்று அப்பியது. அதை விலக்கியபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் களேபரத்தை அப்படியே படம் பிடித்தார்.

"இதையே அனுப்பறேன். இவ்வளவு புழக்கம் இருக்கிற எடத்துல கட்ட விடமாட்டாங்க. இனிமே யார் வந்தாலும் தயவுசெஞ்சு பெருக்காதீங்க."

தெருவே ஹோவென்று இரண்டு கையையும் தூக்கியது. கையிலிருந்த விரிப்புகள் அத்தனையும் புழுதியில் விழுந்தன. அவற்றின்மேலேயே குதித்து ஆடினார்கள். சாயங்காலம் லாட்ஜுக்குப் போகவேண்டிய வெள்ளை விரிப்புகளில் ஊர்க்காரர்களின் கால்தடம்!

புருஷன் தலையில் கைவைத்தார். "ஐயோ, எல்லாத்தையும் மறுபடி துவைக்கணுமே!"

"துவைச்சாப் போச்சு!" என்று அக்கா செருப்பை உதறிவிட்டு விரிப்பின்மேல் ஏறி ஆடினாள். "காயப்போட எடம் இருக்கில்ல!"