பழையதைத் தவிர்த்து

மனித குலத்தின் விடுதலை ஒரு பென் டிரைவுக்குள் அடங்கிவிட்டது என்று அண்ணன் அறிவித்தார். அந்தப் பென் டிரைவ் எங்கே என்பதுதான் இரண்டு நாளாகத் தெரியவில்லை. கடைசியில் அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை, துவைக்கும் மெஷினுக்குள் இருந்தது. அண்ணி அதை எடுத்து ஜன்னலில் காயவைத்துக் கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, விடுதலை லேசான சோப்பு வாசனையோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றது.

தங்கை கதவைத் திறந்துவிட்டு அப்படியே கதவில் சாய்ந்துகொண்டாள். உள்ளறையில் அப்பா. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கை. எது வேண்டுமானாலும் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட்பேன். மூன்று என்றால் ஒன்றுமில்லை, அவள் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள. மூன்றுதான் அதிகம்.

டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி வாய்க்குள் முணுமுணுத்துப் பதிவுசெய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்குவது அவள் வேலை. பதினொரு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். கணினிக்கு வயது பதின்மூன்று. காலையில் அதைப் போட்டுவிட்டுப் போய் அப்பாவுக்கு உடம்பு துடைத்து, உடை மாற்றி, படுக்கை விரிப்பை உதறிவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. இரண்டு பேருமே மெதுவாகத்தான் கண் திறக்கிறார்கள்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை முதல் பழைய இயங்குதளத்தில் நிறுவனத்தின் பக்கம் திறக்காது, புதியதற்கு மாறிக்கொள்ளவும், முடியாதவர்கள் அலுவலகத்துக்கு வந்து வேலை செய்யலாம். மாற்றப் பார்த்தாள். 'இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை' என்று ஒரு வரி வந்தது. தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அலுவலகம் போக பஸ்ஸில் ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் எட்டு மணி நேரம். அப்பாவை யார் பார்ப்பது? இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நின்றபடியே இருபது நிமிடம் நலம் விசாரிப்பார். ஆகவே, பதின்மூன்று வயதுக் கிழட்டுக் கணினி எழுந்து உட்கார்ந்தால் அவள் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஒன்று அப்பாவை விட வேண்டும், அல்லது வேலையை.

அண்ணன் நூலகத்தில் எழுத்தர். அது வயிற்றுக்கு. நெஞ்சுக்கு, யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான குழுவின் தலைவர். குழுவில் நான்கு பேர். ஒருவர் வீடு மாறிப் போய்விட்டார். இன்னொருவர் டீக்காக வருகிறவர். மூன்றாமவர் செயலாளர், அவருக்கும் தலைவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

தலைவர் உட்கார்ந்தார். பென் டிரைவில் இருக்கும் கட்டற்ற இயங்குதளம் எந்தக் கிழட்டுக் கணினியிலும் ஓடும், யாருக்கும் அடிமை இல்லை என்பதை விளக்கினார். அடிமையாக இருந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும் என்று தங்கை சொன்னாள். பழைய கோப்புகளை எங்கேயாவது நகல் எடுத்து வைக்க வேண்டாமா என்றும் கேட்டாள். தேவையே இல்லை, இது இருப்பதைத் தொடவே தொடாது என்றார். இருந்தாலும் எடுத்துவைத்துவிடலாம் என்று அவள் நாற்காலியை இழுத்தபோது உள்ளே இரண்டு தட்டு கேட்டது. போய்விட்டுக் கை கழுவி வந்தபோது வேலை தொடங்கியிருந்தது. நகல் எடுக்க நினைத்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

எந்த மொழி என்று திரை கேட்டபோது அண்ணன் தமிழைத் தேர்ந்தெடுத்து, கைதட்டலுக்கு இடம் விடுகிறவரைப் போலச் சற்று நிறுத்தினார். இதில் வரும் தமிழில் முக்கால்வாசி அவருடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். 'உள்ளீட்டுப் பலகை அமைவடிவு' என்று முதல் வரி வந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். கீபோர்டு என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் அவள் கேட்பதும், அவர் ஆங்கிலத்தில் சொல்வதும், அவள் ஓ என்பதுமாகப் போயிற்று. ஆறாவது திரையில் அவரே நின்றுவிட்டார். இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'பழையதை விட்டுவிட்டு நிறுவு.' 'பழையதைத் தவிர்த்து நிறுவு.'

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விட்டுட்டுன்னா என்னண்ணா? அப்படியே இருக்கட்டும்னு விடறதா, தொலைஞ்சு போன்னு விடறதா?"

"சூழலைப் பொறுத்தது."

"இந்தச் சூழல்ல?"

"விட்டுட்டுன்னாலே உதறிட்டுப் போறதுதான். குடியை விட்டுட்டான்னு சொல்றதில்லையா? அதனால நமக்கு அது வேண்டாம். தவிர்த்துங்கறதுதான் சரி. ரோட்ல பள்ளத்தைத் தவிர்த்துட்டுப் போறோம். பள்ளம் அங்கயேதானே இருக்கு, பாப்பா."

பாப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. "டாக்டர் உப்பைத் தவிர்க்கச் சொன்னாரு," என்றாள். "அப்பா சாப்பாட்டுல உப்பு இல்லையே."

"இல்லவே இல்ல," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

மொழியில் நுட்பம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு அண்ணன் இரண்டாவதை அழுத்தினார்.

இருபது நிமிடம் ஒரு நீலக் கோடு நீண்டது. பிறகு கணினி தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, பதினொரு விநாடியில் முழுசாகத் திறந்தது. தங்கைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அண்ணன் எழுந்து நின்று, கிழடு என்று ஒதுக்கப்பட்ட எதுவும் கிழடு அல்ல, நாம்தான் அதற்கு வாய்ப்புத் தருவதில்லை என்று உரக்கச் சொன்னார். அப்பா மூன்று முறை தட்டினார். யாரும் போகவில்லை, ஏனென்றால் அப்போதுதான் அவள் கோப்புகளைத் திறந்திருந்தாள்.

ஒன்றுமில்லை. ஒரு கோப்பு கூட இல்லை. குப்பைத்தொட்டியைப் பார்த்தார்கள். அதிலும் குப்பை இல்லை.

அண்ணன் செல்பேசியில் ஆங்கில மூலத்தைத் தேடினார். நேரம் எடுத்துக்கொண்டுதான் தேடினார். இரண்டாவது பொத்தான் மூலத்தில் 'அழி' என்ற பொருளில்தான் இருந்தது. அழி என்பது காதுக்குக் கடுமையாக இருக்கிறதென்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதை மென்மைப்படுத்தியவர் அவர்தான்.

போனவை இரண்டு. இரண்டெழுத்து தட்டினால் ஒரு முழு வாக்கியமே விரியும்படி அவள் பதினொரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த சுருக்கங்கள் ஒன்று. நிறுவனத்தின் பக்கத்துக்குள் நுழைய விடும் அனுமதிக் கோப்பு இன்னொன்று. சுருக்கங்கள் இல்லாமல் முக்கி முனகியாவது வேலை செய்யலாம். அனுமதி இல்லாமல் வாசலையே தாண்ட முடியாது.

அவள் கத்தவில்லை. கத்துவதென்றால் எழுந்து நிற்க வேண்டும். மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். புதுக் கோப்புக்கு மேலிடத்தில் கையெழுத்தாக வேண்டும், சில நாள் ஆகும், அதுவரை அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள் என்று அந்த அம்மாள் அன்பாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பென் டிரைவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஏழரைக்கு வந்துடுங்கண்ணா."

"நூலகத்துல—"

"லீவு போடுங்க. ஒரு தட்டு தண்ணி. ரெண்டு தட்டு பெட்பேன். மூணு தட்டுன்னா ஒண்ணுமில்ல. ஆனா போய்ப் பார்க்கணும்."

திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசையும், கைப்பிடி வைத்த நாற்காலியும் கொடுத்தார்கள். பதினொரு மணிக்குக் கேட்ட பதிவில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டே மேசையில் பேனாவால் மூன்று முறை தட்டினார். அவள் ஹெட்போனோடு பாதி எழுந்துவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பாட்டை உட்கார்ந்து, சூடாக, கடைசி வாய் வரை சாப்பிட்டாள். அது எத்தனை நாளைக்குப் பிறகு என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் அன்றைக்கு ஆறு முறை போன் செய்தார். பெட்பேனை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்பது முதல் கேள்வி. செவ்வாயன்று இரண்டு முறைதான். அப்பாவிடம் விடுதலையைப் பற்றிப் பேச முயன்றதாகவும், அப்பா உடனே தூங்கிவிட்டதாகவும் சொன்னார். மாலையில் அவள் திரும்பியபோது அவர் சவரம் செய்யாத முகத்தோடு வாசலிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தார். "கோப்பு வந்துச்சா பாப்பா?" என்றார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக ஒலித்து அவள் கேட்டதில்லை.

புதனும் அப்படியே நின்றிருந்தார். வியாழனும்.

கோப்பு புதன்கிழமை மாலையே வந்துவிட்டது. அவர் போன பிறகு போட்டுப் பார்த்தாள். நிறுவனத்தின் பக்கம் ஏழு விநாடியில் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலை வரை அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.